ஆள் பிடிக்கும் போட்டி: புதுச்சேரியும் சென்னைப்பட்டணமும்

சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வருபவர்கள் கேளிக்கைப் பூங்காக்களின் விளம்பரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காடு பக்கம் எம்.ஜி.எம்., 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே புதிதாகத் திறந்த வொண்டர்லா. ஒவ்வொன்றும் "எங்களிடம் வாருங்கள்" என்று கூப்பிடுகிறது. எல்லோருக்கும் தேவை இரண்டுதான். உள்ளே வருவதற்குக் கூட்டம் வேண்டும். உள்ளே வேலை செய்வதற்கு ஆள் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் ராட்டினம் சும்மா நிற்கும்.

இந்தச் சாலை போகிற ஊரான புதுச்சேரியே ஒரு காலத்தில் இப்படி ஆள் கூப்பிட்டு உண்டான ஊர்தான் என்பது பலருக்குத் தெரியாது. சுமார் 300 வருடங்களுக்கு முன் இதே கடற்கரையில் ராட்டினம் இல்லை, கோட்டைகள் இருந்தன. சென்னைப்பட்டணத்தில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், கடலூரில் மறுபடியும் ஆங்கிலேயர், சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். இத்தனை கம்பெனிகளும் ஒரே சரக்குக்காக வந்தவை. அந்தச் சரக்கு துணி. துணி வாங்க வணிகர் வேண்டும், துணி நெய்ய நெசவாளர் வேண்டும். இந்த இரண்டு கூட்டத்தையும் தங்கள் ஊருக்கு இழுக்க அவர்கள் போட்ட போட்டிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நமது பாடப் புத்தகங்களில் கர்நாடகப் போர்கள் என்றால் டூப்ளே, கிளைவ், ஆற்காடு முற்றுகை என்று தளபதிகளின் பெயர்கள்தான் வரும். தறியை அவிழ்த்துக்கொண்டு ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்கு நடந்து போனவர்கள் அதில் வருவதில்லை. ஆனால் அவர்கள் நடந்த திசையைப் பொறுத்துத்தான் இந்த ஊர்கள் வளர்ந்தன, தேய்ந்தன.

முதலில் சென்னை. 1639ல் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலக் கம்பெனி அதிகாரி இந்த மணல் திட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் சொன்ன காரணம், மற்ற இடங்களைவிட இங்கே துணி 20 சதவீதம் மலிவாகக் கிடைக்கும் என்பது. நல்ல துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்க, மசூலாப் படகில் அலையைத் தாண்டி வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு யார் வருவார்கள்? எனவே கம்பெனி ஓர் அறிவிப்பு செய்தது. இந்த ஊரில் வந்து குடியேறுபவர்கள் உண்ணும், குடிக்கும், உடுத்தும் பொருள்களுக்கு 30 வருடங்களுக்கு வரி கிடையாது! முந்நூறு, நானூறு நெசவாளர் குடும்பங்கள் சீக்கிரமே வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைய தொழிற்பேட்டைகளின் வரிவிலக்குத் திட்டத்துக்கு இது தாத்தா.

புதுச்சேரிக்கு இந்த வசதி இல்லை. 1673ல் பிஜப்பூர் சுல்தானின் அதிகாரியான ஷேர்கான் லோடியிடம் அனுமதி பெற்று பிரெஞ்சுக்காரர்கள் கால் வைத்தார்கள். அடுத்த வருடம் பிரான்சுவா மார்த்தேன் சிறு கூட்டத்தோடு வந்து அமர்ந்தார். அவரிடம் பணம் இல்லை. பிரான்சில் இருந்து கப்பல்கள் ஒழுங்காக வருவதும் இல்லை. முன்பணம் கொடுக்க முடியாதவனுக்கு எந்த நெசவாளி நெய்து கொடுப்பான்? ஆனால் அந்தக் காலத்தில் பணத்தைவிட அரிதான ஒரு பொருள் இருந்தது. பாதுகாப்பு. செஞ்சியைச் சுற்றி பிஜப்பூர், மராத்தியர், முகலாயர் என்று மாறி மாறிப் படைகள் வந்துகொண்டிருந்தன. 1677ல் சிவாஜியே இந்தப் பக்கம் வந்து போனார். படை வருகிற வழியில் தறி ஓடாது. சின்னதாக ஒரு மதில், நாலு பீரங்கி, நிலையான ஓர் அதிகாரி என்று இருந்தாலே மக்கள் அங்கே ஒதுங்க வருவார்கள். மார்த்தேன் விற்றது அதைத்தான்.

இந்த இடத்தில் தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நெசவாளியின் தறி குழித்தறி. தரையில் ஒரு குழி, மேலே சில மரச்சட்டங்கள், கயிறு, விழுது. அவிழ்த்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினால் போகிற ஊரில் ஒரு குழி தோண்டி மறுபடி கட்டிவிடலாம். அவனுடைய மூலதனம் கையிலும் கண்ணிலும் இருக்கிறது, நிலத்தில் இல்லை. உழவனால் வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நெசவாளியால் கிட்டத்தட்ட முடியும்.

ஆனால் தூக்கிக்கொண்டு போக முடியாத ஒன்றும் அவனுக்குத் தேவை, அது தெரு. பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஆற்றுவதற்கு நேரான நீண்ட தெருவும் மர நிழலும் வேண்டும். 1693ல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் வைத்திருந்தார்கள். அப்போது அவர்கள் ஊருக்கு வரைந்த திட்டத்தில் நேர்த் தெருக்கள், ஒன்றுக்கொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும் கட்டங்கள். நெசவாளர்களுக்கும் அதில் வரிசையாக வீடுகள். இன்று சுற்றுலா வருபவர்கள் "பிரெஞ்சு நகரத் திட்டம்" என்று சொல்லிப் படம் எடுக்கும் கட்டம் கட்டமான தெருக்களின் மூலம் உண்மையில் டச்சுத் திட்டம். பழைய டச்சு வரைபடங்களை வைத்து ஜான் தெலோஷ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதை எடுத்துக் காட்டினார். பாவு ஆற்றுவதற்காகவே தெருவை நேராக்கினார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நெசவாளி பார்த்ததும் "இங்கே பிழைக்கலாம்" என்று நினைக்கக்கூடிய தெரு அது.

1699ல் மார்த்தேன் 16,000 வராகன் கொடுத்து டச்சுக்காரர்களிடம் இருந்து ஊரைத் திரும்ப வாங்கினார், அவர்கள் கட்டிய கோட்டை வேலைக்கான விலையாக.

இதற்குள் போட்டி மிகவும் பக்கத்தில் வந்துவிட்டது. 1690ல் ஆங்கிலேயர்கள் கடலூர் அருகே தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டையை மராத்தியரிடம் வாங்கினார்கள். கோட்டையில் இருந்து பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலம் எல்லாம் சேர்த்தி என்பது ஒப்பந்தம். (சென்னையில் இருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பிச் சுட்டார்களாம்! அந்த ஊர்களுக்கு குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது.) அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. புதுச்சேரிக்கும் அதற்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் மாலைக்குள் கொடி மாறிவிடும்.

கைக்கோளர், தேவாங்கர், சேணியர் போன்ற நெசவுச் சமூகத்தாருக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய முறை இப்படி இருந்தது. கம்பெனி பெரிய வணிகனுக்கு முன்பணம் கொடுக்கும். அவன் சின்ன வணிகனுக்கு, அவன் தறிக்காரனுக்கு. அந்தப் பணத்தில் நூல் வாங்கி, வீட்டுச் செலவும் செய்து, துணி நெய்து கொடுக்க வேண்டும். ஆனால் நெசவாளிக்கு ஓர் உரிமை இருந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, வேறு யாருக்கு வேண்டுமானாலும் நெய்யலாம். அரிசி விலை ஏறினால், வணிகன் பேசிய விலையைக் குறைத்தால், பக்கத்து ஊர்க் கம்பெனி கூடக் கொடுத்தால், அவன் போய்விடுவான். சில சமயம் முன்பணத்தைத் திருப்பாமலேயும் போய்விடுவான். அடுத்த எல்லைக்குள் போன பிறகு துரத்திப் பிடிக்க முடியாது. பிடித்துக் கொடுக்க அங்கே உள்ள கம்பெனிக்கு என்ன அவசியம்? அவனை வரவேற்பதுதான் அதற்கு லாபம்.

ஆகவே ஊரை விட்டுப் போவது என்பது ஒரு ஆயுதம் ஆயிற்று. சென்னையில் 1680ல் சீட்டித் துணிக்கு வண்ணம் தீட்டுபவர்கள் வேலையை விட்டுவிட்டு சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஊருக்குள் உணவுப் பொருள் போவதையும் தடுத்தார்கள். 1707ல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறு வந்தபோது வலங்கைப் பிரிவினர் கூட்டமாக சாந்தோமுக்குக் கிளம்பிவிட்டார்கள். கவர்னர் தாமஸ் பிட் (வைரத்துக்குப் பெயர் போன அதே பிட்தான்) அவர்களைத் திரும்ப அழைத்து வரப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருந்தது. சலவைக்காரரும் படகுக்காரரும் இல்லாத ஊரில் வெள்ளைத் துணியை வெளுக்கவும் முடியாது, கப்பலில் ஏற்றவும் முடியாது.

புதுச்சேரியில் இந்த ஆயுதம் வேறு ஒரு விஷயத்துக்காக எடுக்கப்பட்டது. அங்கே கோட்டைக்கு அருகில் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. அதை ஒட்டினாற்போல் ஏசு சபைப் பாதிரிமாரின் மாதா கோயில். கோயிலை மூட வேண்டும், திருவிழாக்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பாதிரிமார்கள் கவர்னரை விடாமல் நெருக்கினார்கள். 1701ல் மார்த்தேன் அதற்கு இணங்கப் பார்த்தபோது நகர மக்கள் வாசலுக்கு அருகே திரண்டுவிட்டார்கள். கோயில் இல்லாவிட்டால் நாங்கள் ஊரில் இல்லை என்பதுதான் சேதி. மார்த்தேன் பின்வாங்கினார். முப்பது வருடம் பாடுபட்டுச் சேர்த்த கூட்டம் ஒரே நாளில் கடலூர்ப் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அடுத்த பதினைந்து வருடங்களில் இதே நாடகம் மறுபடியும் நடந்தது. ஒவ்வொரு தடவையும் மதமா வியாபாரமா என்ற கேள்விக்குப் பிரெஞ்சு நிர்வாகம் கடைசியில் வியாபாரம் என்றே பதில் சொன்னது. இதை மத சகிப்புத்தன்மை என்று சிலர் எழுதுகிறார்கள். ஆள் போய்விடுவான் என்ற பயம் என்று சொல்வதே பொருத்தம்.

பெரிய வணிகர்களை இழுப்பதில் நடந்த போட்டி இதைவிடச் சுவாரசியமானது. புதுச்சேரி சென்னையில் இருந்தே ஆள் எடுத்தது! 1708ல் கம்பெனியின் தலைமைத் தரகராக நியமிக்கப்பட்ட நைனியப்ப பிள்ளை சென்னைப் பக்கத்துக்காரர். அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை பெரம்பூரில் வசித்தவர். நைனியப்பர் தன் சொந்தபந்தங்களையும் தெரிந்த வணிகர்களையும் புதுச்சேரிக்கு வரச் சொன்னார். அப்படி வந்த குடும்பத்தோடு வந்த சிறுவன்தான் 1709ல் சென்னையில் பிறந்த ஆனந்தரங்கம். பின்னாளில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. ஒரு நல்ல தரகரைப் பிடித்தால் அவர் பின்னாலேயே நூறு குடும்பம் வரும் என்பது அன்றைய கணக்கு.

அதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும் என்பதைப் புதுச்சேரி சீக்கிரமே கற்றுக்கொண்டது. 1716ல் கவர்னர் எபேர், பாதிரிமாரின் தூண்டுதலோடு, நைனியப்பரைக் கைது செய்தார். கலகம் தூண்டினார், கம்பெனியை ஏமாற்றினார் என்று வழக்கு. கடைவீதியில் வைத்து 50 கசையடி, மூன்று வருடச் சிறை, 8,888 வராகன் அபராதம் என்று தீர்ப்பு. 1717ல் அவர் சிறையிலேயே இறந்துபோனார். அவருடைய மகன் குருவப்பா உயிருக்குப் பயந்து ஓடினார். எங்கே? சென்னைக்குத்தான். ஆங்கிலேயர் ஊர் என்றால் பிரெஞ்சுக் கவர்னரின் கை நீளாது. அங்கிருந்து கப்பல் ஏறி இங்கிலாந்து போய், பிரான்சுக்கும் போய்ச் சேர்ந்து, நேரே மேலிடத்தில் முறையிட்டார். 1719ல் தீர்ப்பு ரத்தானது. எபேர் அதற்கு முன்பே திருப்பி அழைக்கப்பட்டுவிட்டார். குருவப்பா பாரிசில் ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டமும் வாங்கிக்கொண்டு 1722ல் புதுச்சேரிக்கே வந்து தந்தையின் பதவியில் அமர்ந்தார். ஒரு புதுச்சேரித் தமிழர் பாரிஸ் வரை போய் ஒரு கவர்னருக்கு எதிரான வழக்கில் வென்றது 300 வருடங்களுக்கு முன்! இதைப் படமாக எடுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது ஆச்சரியம்தான்.

கம்பெனி இந்த நீதியைச் செய்தது வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் இருக்காது. தலைமைத் தரகரையே இப்படிச் செய்யும் ஊருக்கு எந்த வணிகன் துணிந்து வருவான் என்ற கேள்வி கடற்கரை முழுக்கப் பரவியிருக்கும். அதற்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

பிறகு வந்த கவர்னர் லெனுவார் காலத்தில் ஊர் நிமிர்ந்தது. கம்பெனிக்குப் புதிய மூலதனம் வந்திருந்தது, கப்பல்களும் வந்தன. இளைஞரான ஆனந்தரங்கப் பிள்ளையை லெனுவார் பரங்கிப்பேட்டைக்கு அனுப்பி நீலத்துணி வேலையைக் கவனிக்கச் சொன்னார். அவர் ஆரணியிலும் லாலாப்பேட்டையிலும் கிடங்குகள் வைத்து உள்நாட்டில் இருந்து துணி வாங்கினார். அதாவது நெசவாளி ஊருக்கு வரட்டும் என்று காத்திராமல் நெசவாளி இருக்கும் ஊருக்கே போனார்கள். அடுத்த கவர்னர் டூமா 1736ல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியிடம் ரூபாய் நாணயம் அச்சடிக்கும் உரிமை வாங்கினார். கையில் ரொக்கம் இருக்கும் ஊருக்கு வணிகர்கள் வருவதைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையும் சும்மா இருக்கவில்லை. கவர்னர் ஜோசப் காலட் 1719 வாக்கில் திருவொற்றியூர் பக்கம் நெசவாளர்களுக்கென்று ஒரு பேட்டையை உண்டாக்கினார். காலட்பேட்டை என்பதுதான் இன்றைய காலாடிப்பேட்டை. (காலாடிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை.) 1734ல் கவர்னர் மார்ட்டன் பிட், சுங்குராம செட்டி என்ற வணிகரின் தோட்டத்தை எடுத்து இன்னொரு பேட்டை அமைத்தார். சின்னத் தறிப் பேட்டை, இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. நூற்பவர், நெய்பவர், வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர், அவர்களுக்குக் கோயில், கோயிலுக்குப் பணியாளர் என்று ஒரு முழு ஊரையே திட்டம் போட்டுக் குடியேற்றினார்கள். கோயிலைக் கட்டிக் கொடுத்தால்தான் நெசவாளி நிலைத்து நிற்பான் என்பதைக் கிறிஸ்தவக் கம்பெனி நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது.

1740ல் ரகுஜி போன்ஸ்லேயின் மராத்தியப் படை வந்து தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலியைக் கொன்றபோது, நவாப்பின் குடும்பமே புதுச்சேரிக்குள் தஞ்சம் புகுந்தது. அவர்களை ஒப்படைக்கும்படி ரகுஜி கேட்டார். டூமா மறுத்துவிட்டார். கோட்டையையும் பீரங்கிகளையும் மராத்தியத் தூதருக்குச் சுற்றிக் காட்டி, கையோடு சில பாட்டில் பிரெஞ்சு மதுவும் கொடுத்து அனுப்பினார் என்றும், அந்த மது ரகுஜியின் அந்தப்புரத்தில் பிடித்துப்போய் மேலும் கேட்டு ஆள் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. புதுச்சேரிக்கு மதுவைத் தேடி வந்த முதல் வெளியூர்க்காரர்கள் இவர்கள்தான் போலும்! கதை எப்படியோ, "நவாப் வீட்டுப் பெண்களே ஒதுங்கிய ஊர்" என்ற பெயரைவிடப் பெரிய விளம்பரம் அன்று வேறு இல்லை.

இதுவரை நடந்தது போட்டி. இதற்குப் பிறகு நடந்தது போர். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நெசவாளியும் வணிகனும்தான் முதலில் உணர்ந்தார்கள்.

1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னையைப் பிடித்தார். டூப்ளேக்கு ஒரு பழைய ஆசை நிறைவேறும் நேரம் வந்தது. சென்னையின் பணக்கார வணிகர்களை எல்லாம் புதுச்சேரிக்குக் குடிபெயரச் சொன்னார். முன்பு வரிவிலக்கும் வீட்டு மனையும் காட்டி அழைத்தவர்கள் இப்போது உத்தரவு போட்டு அழைத்தார்கள். வணிகர்கள் சாக்குப்போக்கு சொன்னார்கள், நாள் கடத்தினார்கள், பலர் வேறு ஊர்களுக்கு நழுவினார்கள். உத்தரவு போட்டுக் கூப்பிடுகிற ஊரில் நாளைக்கு என்ன நடக்கும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? டூப்ளேயின் துணிச்சலைப் பாராட்டுபவர்கள் உண்டு. ஆனால் ஊர் எப்படி உண்டாகிறது என்ற விஷயத்தில் பணமில்லாத மார்த்தேனுக்கு இருந்த அறிவு அவருக்கு இல்லை.

1748ல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் கடலிலும் தரையிலும் இருந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். அந்த முற்றுகையின் நடுவில், செப்டம்பரில், வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அரை நூற்றாண்டாக ஒவ்வொரு கவர்னரும் தொடப் பயந்த கோயில் அது. காப்பாற்றி வந்தது மக்களின் ஒரே வார்த்தை: "போய்விடுவோம்." ஊரைச் சுற்றி எதிரிப் படை நிற்கும்போது அந்த வார்த்தைக்கு மதிப்பு இல்லை. பலர் பயந்துபோய் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் எங்கே போவார்கள்? ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாள்களைத் தன் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். சாதித் தலைவர்கள் அவரிடம் வந்து பேசுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் பன்னிரண்டு வருடம் கழித்து நடந்தது இதைவிடக் கொடியது. 1760ல் ஆங்கிலேயர்கள் அயர் கூட் தலைமையில் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே உணவு தீர்ந்துகொண்டே வந்தது. நவம்பர் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஊருக்குள் எஞ்சியிருந்த உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரை, ஆண், பெண், கிழவர், குழந்தை என்று பாராமல், கோட்டைக்கு வெளியே துரத்தினார். தின்னும் வாயைக் குறைப்பதற்காக. அவர்கள் ஆங்கிலேயர் வரிசையை நோக்கி நடந்தார்கள். ஆங்கிலேயர்கள் அவர்களைக் கடக்க விடாமல் திருப்பி விரட்டினார்கள். அவர்கள் ஊருக்குள் இருந்தால்தான் உள்ளே பஞ்சம் சீக்கிரம் வரும் என்பது இவர்கள் கணக்கு. மறுபடி கோட்டைப் பக்கம் ஓடினால் அங்கிருந்தும் துரத்தல். இரண்டு கொடிகளுக்கும் நடுவில், வெட்டவெளியில், எட்டு நாள். புல்லின் வேரைத் தோண்டித் தின்றார்கள் என்று அன்றைய ஆங்கிலேய வரலாற்று ஆசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். கடைசியில் கூட் மனமிரங்கி அவர்களைப் போக விட்டார்.

ஒரு காலத்தில் இதே இரண்டு கம்பெனிகளும் இவர்களுடைய பாட்டன்களை "எங்கள் ஊருக்கு வா" என்று போட்டி போட்டுக் கூப்பிட்டவை.

1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரி சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். ஆங்கிலேயர்கள் கோட்டையையும் ஊரின் பெரும்பகுதியையும் தரைமட்டம் ஆக்கினார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தின்படி ஊர் திரும்பக் கிடைத்தபோது, லா தெ லொரிஸ்தோன் என்ற கவர்னர் 1765ல் வந்து இடிபாடுகளின் மேல் மறுபடி கட்டத் தொடங்கினார். பழைய தெருக்களின் கோட்டையே வைத்துக்கொண்டார். ஆகவே இன்று ரங்கப்பிள்ளை வீதியில் நடப்பவர்கள் கட்டடம் மாறினாலும் டச்சுக்காரன் போட்ட கோட்டில்தான் நடக்கிறார்கள்.

ஊர் எழுந்தது. ஆனால் போட்டி எழவில்லை. சுற்றியுள்ள நாடு இப்போது பெயருக்கு நவாப்புடையது, உண்மையில் ஆங்கிலேயருடையது. 1763ல் செங்கல்பட்டுப் பகுதி முழுவதும் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுக்கப்பட்டது. காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்கள் எல்லாம் அதற்குள். முன்பு கம்பெனி துணி வாங்கும் பல பேரில் ஒருவன். இப்போது துணி வாங்குபவனும் வரி வாங்குபவனும் நீதி சொல்பவனும் ஒரே ஆள்.

நெசவாளிக்கு என்ன ஆனது என்பதைப் பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்றாசிரியர் விரிவாக ஆராய்ந்து 2001ல் புத்தகமாக வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தென்னிந்திய நெசவாளியின் கூலி, அது வாங்கும் தானியத்தை வைத்துப் பார்த்தால், இங்கிலாந்து நெசவாளியின் கூலிக்குக் குறைந்தது அல்ல என்பது அவர் வாதம். இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாத பொருளாதார வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். தானியத்தில் கணக்குப் பார்ப்பதா வெள்ளியில் கணக்குப் பார்ப்பதா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் நெசவாளியின் பேரம் பேசும் பலம் எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்று அவர் சொல்வது இந்தக் கடற்கரைக் கதையோடு நன்றாகவே பொருந்துகிறது. நாட்டு அரசர்கள் நெசவாளியைக் கட்டிப்போட்டதில்லை. போனால் இன்னொரு அரசன் எடுத்துக்கொள்வான், தங்களுக்குத்தான் வரி நஷ்டம். கம்பெனி அரசன் ஆன பிறகு அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் பழைய வழக்கத்தை ஆங்கிலக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கியது. முன்பணம் வாங்கியவன் கம்பெனித் துணியை முடிக்கும் வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்றது. நடுவில் இருந்த வணிகர்களை விலக்கிவிட்டு, தன் சம்பளக்காரர்களை வைத்து நேராகத் தறிக்காரனோடு கணக்கு வைத்துக்கொண்டது. வேலை தாமதமானால் வீட்டு வாசலில் சேவகனை நிறுத்தினார்கள். அந்தச் சேவகனுக்குக் கொடுக்க வேண்டிய படியும் நெசவாளியின் கணக்கிலேயே எழுதப்பட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் நீலத்துணி வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அது ஆப்பிரிக்காவில் செனகல் வரை போயிற்று. ஆனால் 1778, 1793, 1803 என்று ஐரோப்பாவில் சண்டை வந்தபோதெல்லாம் ஆங்கிலேயர்கள் வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக 1816ல் திருப்பித் தந்தபோது, கோட்டை கட்டக் கூடாது என்பது நிபந்தனை. சென்னையில் விலை படியாவிட்டால் புதுச்சேரிக்குப் போகலாம், புதுச்சேரியில் கவர்னர் சரியில்லையென்றால் கடலூருக்குப் போகலாம் என்று இருந்த காலம் முடிந்து அப்போதே அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.